கேட்டில் ஆள் நிற்கும்

எங்கள் காம்பவுண்டுக்குப் புதிதாகக் குடிவருகிற யாரிடமும் ‘எந்த ஊருங்க?’ என்று கேட்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்லை. வீட்டுக்காரி நான்; சட்டம் போட்டது என்னிடம் வாடகைக்கு இருக்கிற ராமாயி. கொடுமையைப் பாருங்கள்.

கொங்கு நாட்டில் பிறந்தவளிடம் ஊர் கேட்காதே என்பதும் மூச்சு விடாதே என்பதும் ஒன்றுதான். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் கேட்போம், கல்யாணப் பந்தியில் கேட்போம், ஆஸ்பத்திரியில் ஊசி போட வருகிற நர்சம்மாவிடம்கூடக் கேட்போம். கேட்காவிட்டால் மரியாதை தெரியாதவள் என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட என் வாயை ஒருத்தி கட்டிப்போட்டாள் என்றால், அவள் எப்பேர்ப்பட்டவளாக இருக்க வேண்டும்!

நாங்கள் இருப்பது திருப்பூர் வீரபாண்டி. என் வீட்டுக்காரர் ஆறுச்சாமியின் அப்பா காலத்தில் இங்கே சோளக்காடு இருந்தது. கிணறு வற்றியதும் காட்டில் வரிசையாக வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டோம். “சோளம் வெளைஞ்ச எடத்துல இப்ப வாடகை வெளையுது” என்று அவர் சிரிப்பார். குடியிருப்பவர்கள் எல்லாரும் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். தேனி, தூத்துக்குடி, ஒடிசா என்று பல பக்கத்துக்காரர்கள். வாசலில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பைப்பு. அதனால் சாயங்காலம் தண்ணீர் விடும்போது பைப்படியில் எல்லாப் பாஷையும் கேட்கும்.

ராமாயியும் அவள் புருசன் வீரணனும் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவள் அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, தையல் பிசகு இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. அவன் அயர்ன் மாஸ்டர். வாரம் முழுக்கச் சூட்டில் வெந்தவன், ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அடுப்படியில் போய் நிற்பான். அவன் கறிக்கு மிளகாய் வறுத்தால் காம்பவுண்டே தும்மும். “ஓனரக்கா, தும்முனவுங்களுக்கெல்லாம் ஒரு கரண்டி உண்டு!” என்று கத்துவான். உண்மையாகவே கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நானும் என் வீட்டுக்காரரும் அன்றைக்கு ஊரில் இல்லை. என் பிறந்த ஊரான கணியூரில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். நடந்ததை ராமாயி பிற்பாடு ஒரே ஒரு தடவைதான் என்னிடம் முழுதாகச் சொன்னாள். கேட்டது அப்படியே என் காதில் இருக்கிறது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருக்கிறாள். எடுத்த பெண் தன்மையாகத்தான் கேட்டிருக்கிறாள்.

“எந்த ஊரும்மா?”

“வீரபாண்டி.”

“எந்த மாவட்டம்?”

“தேனி.”

அந்த ஒரு சொல்தான். வேறு எந்தத் தப்பும் நடக்கவில்லை. திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து கம்பெனியில், கடையில், வீடு தேடிப் போன இடத்தில், ஏன் என் வாயாலும், அவளிடம் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறோம். எந்த ஊரு, எந்த மாவட்டம்? ஒவ்வொரு தடவையும் தேனி என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. புருசன் கண் முன்னால் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது நாக்கு பழகியதைத்தான் சொல்லும். பிழைக்க வந்தவர்களுக்கு ஊர் என்றால் விட்டு வந்த ஊர்தான். இருக்கிற இடத்தை அவர்கள் ஊர் என்று சொல்வதே இல்லை.

அந்தப் பெண் விடவில்லை. பக்கத்தில் அடையாளம் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். எங்கள் வீதி முனையில் சின்னதாக ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. “மாரியம்மன் கோயில்” என்று ராமாயி சொல்லியிருக்கிறாள். தேனிக்குப் பக்கத்திலும் ஒரு வீரபாண்டி இருக்கிறது. அங்கேயும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு உலகமே திரள்கிற கோயில். எல்லாம் ஒத்துப்போய்விட்டது. யாரைக் குற்றம் சொல்வது?

தேனிப் பக்கத்து வண்டிக்காரர் உடனே கிளம்பி, அந்தக் கோயிலுக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்து, அங்கிருந்து போன் போட்டிருக்கிறார். “அம்மா, கோயில் முன்னாடி நிக்கிறேன்.” ராமாயி செருப்பில்லாமல் வீதி முனைக்கு ஓடியிருக்கிறாள். “நானுந்தேன் கோயில் முன்னாடி நிக்கிறேன், உங்களக் காணமே!” “கோபுரத்துக்கு நேரா நிக்கிறேம்மா, வெள்ள வண்டி.” “இங்க வண்டியே இல்லண்ணே, எங்கிட்டு நிக்கிறீங்க?” இப்படியே இரண்டு பேரும் இரண்டு கோயில் முன்னால் நின்று ஒருவரை ஒருவர் தேடியிருக்கிறார்கள். கடைசியில் அவர், “ஆத்துப் பாலத்துக்கு இங்கிட்டா, அங்கிட்டாம்மா?” என்று கேட்டிருக்கிறார்.

இங்கே ஆறு ஏது, பாலம் ஏது? அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்கிறது. அதே நொடியில் அவருக்கும் விளங்கிவிட்டது. “அம்மா, உங்க ஊரக் கேக்கலம்மா. நீங்க இப்ப எங்க இருக்கீங்க?” என்று அந்த மனிதர் அழாத குறையாகக் கத்தினாராம். ‘திருப்பூர்’ என்றாளாம் அவள்.

பிறகு யாரோ ஒரு ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். போகும் வழியிலேயே வீரணன் போய்விட்டான்.

உடலை ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வர மாட்டாள், வீட்டைக் காலி செய்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். காரியம் முடிந்த கையோடு ஒற்றைப் பையுடன் வந்து நின்றாள். முகத்தில் சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கே பயமாக இருந்தது.

“ஏனம்மிணி, உம்பட சனத்தோட கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாமல்ல?” என்றேன்.

“அங்கன இருந்தா எங்க போனாலும் அந்தக் கோயிலத் தாண்டித்தேன் போகணும்க்கா. அந்த வண்டி நின்ன எடத்தத் தாண்டிப் போக என்னால ஏலாது.”

கம்பெனிக்குப் போனாள், வந்தாள். யாரிடமும் பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் எங்கேயோ கிளம்பிப் போய்விடுவாள். அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குள் அவளால் இருக்க முடியவில்லை. இப்படியே போனால் இவளுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “சித்தெ விடு, ஆறட்டும்” என்றார். அவருக்கு எதுவானாலும் ஆறட்டும்தான், டீயைத் தவிர.

அந்தச் சமயத்தில்தான் ஒடிசாவிலிருந்து பசந்தி குடும்பம் குடிவந்தது. புருசனுக்கு நிட்டிங்கில், பனியன் துணி பின்னுகிற வேலை. இடுப்பில் குழந்தையோடு வந்து நின்ற பசந்தியிடம் நான் வழக்கம்போல, “வாங்க, வாங்க. எந்த ஊருங்க?” என்றேன். பதில் அவள் புருசனிடமிருந்து வந்தது. “ஒடிசா.” இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் எல்லாரும் முதலில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

பைப்படியில் இருந்த ராமாயி குடத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். “அப்படிக் கேக்காதீங்கக்கா” என்றாள் என்னிடம். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பேசுகிற முதல் பேச்சு அது. பசந்தியின் பக்கம் திரும்பி, “நீ எங்க இருக்க?” என்று கேட்டாள்.

“ஒடிசா” என்றாள் பசந்தி.

“இல்ல. இப்ப. இந்தக் காலு எங்க நிக்குது?” ராமாயி குனிந்து அவள் பாதத்தையே தொட்டுக் காட்டினாள். பசந்தி பயந்துபோய்க் காலை இழுத்துக்கொண்டாள். சரி, புத்தி பேதலித்தேவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் ராமாயி என்னிடம் வந்து, காம்பவுண்டுச் சுவரில் இந்த இடத்தின் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றாள். ஆபத்து, ஆம்புலன்ஸ் என்று மேலே போட்டு, போனில் என்ன சொல்ல வேண்டும் என்று கீழே எழுத வேண்டுமாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. போன மாதம்தான் வெள்ளையடித்த சுவர். வாசலிலேயே ஆபத்து என்று எழுதிவைத்தால் யார் குடி வருவார்கள்? “ஒறம்பரை, சொந்தபந்தம் வந்து போற ஊடு அம்மிணி, நல்லா இருக்காது” என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. “சரிக்கா. சுவத்துல வேண்டாம்னா வாயில எழுதிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏதோ எதிர்த்துப் பேசுகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். அவள் சொன்னதைச் செய்கிறவள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் தண்ணீர் விட்டபோது ராமாயி பைப்பின் முன்னால் போய் நின்றுகொண்டாள். குடம் வைக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் கேள்வி. “நீ எங்க இருக்க?” தேனி, ஒடிசா, கோவில்பட்டி என்று பதில் வந்தால் குடம் வரிசையின் கடைசிக்குப் போகும். சரியான பதிலை அவளே சொல்லிக்கொடுத்தாள்.

“திருப்பூர் மாவட்டம். திருப்பூர் வீரபாண்டி. பல்லடம் ரோட்டுல இருந்து உள்ள வந்தா பெரிய தண்ணித் தொட்டி. தொட்டிக்கு அங்கிட்டு பச்சைக் கேட்டு. கேட்டுல ஆள் நிக்கும்.”

முதலில் எல்லாரும் சண்டைக்கு வந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். குழந்தைகள் அதைப் பாட்டாக்கி நொண்டி ஆடும்போது பாடின. நான் என் பங்குக்குக் கேலி செய்தேன். “அங்கிட்டுன்னா எங்கிட்டு? இது கொங்கு நாடு அம்மிணி. தொட்டிக்கு அக்கட்டன்னு சொல்லிக் குடு.”

“நீங்க ஒரு தரம் சொல்லுங்கக்கா, கேப்போம்.”

“நான் எதுக்குச் சொல்றேன்? சித்ரகலா ஊடுன்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“வண்டிக்காரரு யாரையும் கேக்கக் கூடாதுக்கா. கேக்குற நேரத்துல...” என்று அவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

கேட்டில் ஆள் நிற்கும் என்கிறாளே, யார் நிற்பார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “யாரு இருக்காகளோ அவுக” என்றாள். அதற்கும் திட்டம் வைத்திருந்தாள். ஒருவர் போன் பேச வேண்டும். ஒருவர் கேட்டைத் திறந்து நிற்க வேண்டும். ஒருவர் தண்ணீர்த் தொட்டி முக்கில், ஒருவர் பல்லடம் ரோட்டில். கையில் சிவப்புத் துணி. கம்பெனியில் வெட்டிப் போடுகிற பனியன் துண்டுகளில் சிவப்பாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு வீட்டு ஜன்னல் கம்பியிலும் முடிந்துவைத்தாள். என் வீட்டு ஜன்னலிலும் ஒன்று தொங்கியது. அவிழ்த்துப் போடலாம் என்று தோன்றும், கை வராது.

விஷயம் எங்கள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. கம்பெனி வேனில் வருகிற பெண்கள் ஒவ்வொருவரையும் அவள் விசாரித்திருக்கிறாள். அவரவர் காம்பவுண்டுக்கு அவரவர் பாட்டு வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எங்கே போகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அருள்புரம், பல்லடம் என்று ஒவ்வொரு லைன் வீடாகப் போய், ரோட்டிலிருந்து நடந்து பார்த்து, வண்டிக்காரர் கண்ணுக்கு முதலில் எது படும் என்று நின்று யோசித்து, அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு பாட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். அட்ரஸக்கா என்று அவளுக்குப் பேரே ஆகிவிட்டது. அருள்புரத்தில் ஒரு பெண்ணுக்கு நேரம் முந்திப் பிரசவ வலி வந்தபோது, அந்தப் பாட்டைச் சொல்லித்தான் வண்டியை வரவழைத்தார்கள் என்றும், தாயும் பிள்ளையும் நலம் என்றும் ராபின் வந்து சொன்னான். ராபின் எங்கள் காம்பவுண்டுதான். தூத்துக்குடிப் பையன், நைட் ஷிப்டு. அவன் சொன்னபோதும், எப்படியும் வண்டி வந்திருக்கும், இதில் பாட்டு என்ன செய்தது என்றுதான் நினைத்தேன். நான் அவ்வளவு லேசில் மசிகிறவள் இல்லை.

போன மே மாதம். வெயில் நெருப்பாகக் கொளுத்திய ஒரு பிற்பகல். என் வீட்டுக்காரருக்கு டீ போட்டு ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். “கலா” என்று ஒரு சத்தம். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டே வெகுகாலம் ஆகிறது. திரும்பி வந்து பார்த்தால் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறார். சட்டை முழுக்க வேர்வை. கை நெஞ்சின் மேல் இருந்தது.

“என்னுங்க? என்னுங்க பண்ணுது?” பேச்சு வரவில்லை அவருக்கு. எனக்கு வீரணன்தான் கண்முன் வந்து நின்றான். போனை எடுத்தேன். இரண்டு முறை தப்பாக அழுத்தி, எப்படியோ ஆம்புலன்ஸுக்குப் போட்டுவிட்டேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே யாராவது இருக்கிறார்களா என்று வாசலுக்கு ஓடினேன்.

“எந்த ஊருங்கம்மா?” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

“கணியூருங்க” என்றேன்.

என் காதால் நானே கேட்டேன். சொன்னது நான்தான். கல்யாணமாகி இந்த வீரபாண்டிக்கு வந்து, மகளைக் கட்டிக் கொடுத்து, பேரனும் பார்த்தாயிற்று. ஆனாலும் யாராவது ஊர் எது என்று கேட்டால் இன்றைக்கும் நான் சொல்வது பிறந்த ஊரைத்தான். பெண்ணாய்ப் பிறந்த எவளைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். “கணியூருங்க, மடத்துக்குளம் பக்கம்” என்று நாக்கு பாட்டுக்கு முழுசாகவும் சொல்லிவிட்டது. தப்பு என்று தெரிகிறது. திருத்த வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் வாயில் ஒரு சொல் வரவில்லை. வீரபாண்டி என்கிற பேரே மறந்துபோய்விட்டது. சாமி சத்தியமாக மறந்துபோய்விட்டது.

பைப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் பசந்தி. எழுந்து ஓடி வந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். தமிழில் அவளுக்கு அரிசி, பருப்பு, தண்ணி, நாளைக்கு வாங்க என்பதற்கு மேல் தெரியாது. ஆனால் பாட்டு தப்பிவிட்டது என்று தெரிந்துவிட்டது அவளுக்கு.

“இல்லே! இல்லே!” என்று கத்தினாள். பிறகு நிதானமாக, ஒரு எழுத்துப் பிசகாமல், தேனிக்காரியின் ராகத்திலேயே சொன்னாள். “திருப்பூர் மாவட்டம். திருப்பூர் வீரபாண்டி. பல்லடம் ரோட்டுல இருந்து உள்ள வந்தா பெரிய தண்ணித் தொட்டி. தொட்டிக்கு அங்கிட்டு பச்சைக் கேட்டு. கேட்டுல ஆள் நிக்கும்.”

சொல்லிவிட்டு, தன் பாஷையில் வீதியே அதிர ஒரு கூப்பாடு போட்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. கதவுகள் திறந்தன. நைட் ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ராபின் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். என் வீட்டுக்காரரைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னலில் இருந்த சிவப்புத் துணியை உருவிக்கொண்டு பல்லடம் ரோட்டைப் பார்த்து ஓடினான். லீவில் இருந்த பிள்ளைகள் தொட்டி முக்குக்கு ஓடின. கேட்டின் இரண்டு கதவையும் யாரோ அகலத் திறந்து கல்லை அண்டக்கொடுத்தார்கள். யார் எங்கே போவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியவள் அந்த நேரத்தில் அருள்புரத்தில் பனியனில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரைத் தரையில் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்டு வழியாகப் பார்த்தேன். கேட்டில் பசந்தி, இடுப்பில் குழந்தை, உயர்த்திய கையில் சிவப்புத் துணி. அவளுக்கு அப்பால் தொட்டி முக்கில் பிள்ளைகள், கையெல்லாம் சிவப்பு. அதற்கும் அப்பால், வெயில் தகிக்கிற ரோட்டோரத்தில் செருப்புக்கூட இல்லாமல் ராபின். எல்லார் கையும் மேலே. அத்தனை கையும் என் வீட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. தேர் வரும்போது கும்பிடுவோமே, அப்படி ஒரு நினைப்பு வந்தது எனக்கு. அவருக்கு என்ன ஆகுமோ என்கிற பயத்தின் நடுவிலும் அப்படித் தோன்றியது. வீரணன் செத்த அன்றைக்கு இந்த வீதி முனையில் தனியாக நின்று கத்தியவள், இத்தனை பேரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள்.

வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ராபின் கையைப் பார்த்துத் திரும்பியது, பிள்ளைகள் கையைப் பார்த்துத் தொட்டியைத் தாண்டியது, நேராக உள்ளே வந்து என் வாசலில் நின்றது. இறங்கிய பையன் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு உடனே வைத்தியம் நடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். எல்லாரிடமும் சொல்கிற பேச்சோ என்னமோ, எனக்கு அது உண்மை என்று தெரியும். சாயங்காலம் ராமாயி கம்பெனியிலிருந்து நேராக வந்தாள். உள்ளே வரவில்லை. வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, “நல்லா இருக்காருல்ல?” என்று கேட்டாள். நல்லா இருக்கார் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, ஒரு சாயங்காலம் நானும் குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனேன். எனக்கு வீட்டுக்குள்ளேயே தண்ணீர் உண்டு. ஆனாலும் போனேன்.

“அம்மிணி, சுவரு பூராவும் எழுதிக்க. பெயிண்டு நான் வாங்கித் தாரேன்” என்றேன்.

ராமாயி சிரித்தாள். “வேண்டாம்க்கா. போன் பேசுறப்ப சுவரு எதுக்க இருக்காது. எழுதி வச்சுட்டா எல்லாரும் சுவத்துல இருக்குன்னு மறந்துருவாக. வாயிலயே இருக்கட்டும்.” பிறகு பைப்பின் மேல் கையை வைத்து மறித்துக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே என்னிடமும் கேட்டாள். “நீங்க எங்க இருக்கீங்க?”

பசந்தி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். “திருப்பூர் மாவட்டம்” என்று ஆரம்பித்தேன். “திருப்பூர் வீரபாண்டி. பல்லடம் ரோட்டுல இருந்து உள்ள வந்தா பெரிய தண்ணித் தொட்டி. தொட்டிக்கு அக்கட்ட...”

“ம்?”

“அங்கிட்டு! அங்கிட்டு பச்சைக் கேட்டு. கேட்டுல ஆள் நிக்கும். போதுமா சாமி?”

எல்லாரும் கைதட்டினார்கள். என் குடத்தை வாங்கி ராமாயியே பைப்படியில் வைத்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள். “அக்கா, அன்னிக்கு வண்டி வர எம்புட்டு நேரமாச்சு?”

“நான் எங்க நேரத்தப் பாத்தேன்? அவருக்குப் போட்டு வெச்ச டீ ஸ்டூல்லயே இருந்துச்சு. வண்டி போனதுக்கப்பறம் பசந்தி எடுத்து ஊத்தறப்ப டம்ளரு சுட்டுச்சாமா. டீ ஆறலீங்கறேன், அதுக்குள்ள வந்துட்டாங்க.” சந்தோஷமாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

குடம் நிறைந்து வழிந்தது. அவள் பைப்பை மூடவில்லை.

“அப்ப அவரும் பொழச்சிருப்பாருக்கா” என்றாள்.

வீரணன் போன நாளிலிருந்து நான் பார்க்காத கண்ணீர் அன்றைக்குத்தான் வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அவள் ஒரு வண்டியை வரவழைக்கிறாள். நேரத்துக்கு வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டியும் அவளுக்கு இதைத்தானே சொல்லும்? அருள்புரத்துப் பிரசவத்தின்போதும் சொல்லியிருக்கும். தெரிந்துதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பிப் போயிருக்கிறாள். இப்படியும் ஒரு மனுசியா என்று நான் மலைத்துப் போய் நின்றேன். அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விட்டுவைத்தாள்.

பிறகு கையை உருவி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, என் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள். முந்தின நாள்தான் குடிவந்திருந்த புதுப் பெண் ஒருத்தி, பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் மிரண்டுபோய் நின்றாள். ராமாயி அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“வாத்தா, இங்கிட்டு வா. கொடத்த அப்பறம் வைக்கலாம். நீ எங்க இருக்க, சொல்லு?”